கதவைப் பூட்டாத காலம்: நினைவுகள் ஏன் இனிக்கின்றன?

போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து பேச்சு வழக்கம்போல் பழைய கதைக்குத் திரும்பியது. என் அம்மாவுக்கு வயது 71. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, திருமணமாகும் வரை, அதாவது 24 வயதுவரை, அங்கேயே வளர்ந்தவர்.

"தோட்டத்துல இருந்தப்ப நாங்க கதவையே பூட்டினதில்ல. யாரு வேணும்னாலும் உள்ள வரலாம், சாப்பிடலாம். அந்தக் காலம் இனி வருமா?" என்றார் அம்மா.

எதிரில் உட்கார்ந்திருந்த பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "பூட்டி வைக்கிறதுக்கு உள்ள என்ன இருந்துச்சு, பாப்பா?"

எல்லாரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. மாமா விடாமல் தொடர்ந்தார். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, கொசுக்கடி, மழை பெய்தால் அன்று மரம் வெட்ட முடியாமல் போனது, மளிகைக் கடைக் கடன். "சொர்க்கமாம் சொர்க்கம்" என்று முடித்தார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அக்காவின் மகன் படிவம் 4 மாணவன். பள்ளி வரலாற்றுக் கழகத்துக்காகத் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று அத்தனையையும் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தான். இரவு என்னிடம் வந்து கேட்டான்: "பாட்டி சொல்றதும் தாத்தா சொல்றதும் ஒரே வீட்டைப் பத்தித்தான். இதுல யாரு சொல்றத நான் எழுதுறது?"

நல்ல கேள்வி. உங்கள் வீட்டிலும் "அந்தக் காலம்" பற்றிப் பேச்சு எழும்போது இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். அதற்கு உளவியல் என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு காலத்தில் இது நோய்

கடந்த காலத்தை நினைத்து இனிமையும் வருத்தமும் கலந்து ஏங்கும் உணர்வை ஆங்கிலத்தில் 'நோஸ்டால்ஜியா' என்பார்கள். நாம் இங்கு அதை 'நினைவேக்கம்' என்று அழைப்போம்.

அந்தச் சொல்லை உருவாக்கியவர் ஒரு மருத்துவ மாணவர். 1688ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற இளைஞர் தம் ஆய்வேட்டில் அதைப் பயன்படுத்தினார். வீடு திரும்புதல், வலி என்னும் பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து உருவாக்கிய பெயர் அது. ஊரை விட்டுப் பிரிந்தவர்கள் தூக்கமும் பசியும் இழந்து மெலிந்து போவதை அவர் ஒரு நோயாகவே விவரித்தார். பெர்ன் நகரிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவர் படுத்த படுக்கையாகி, ஊருக்குப் புறப்பட்டதுமே தேறத் தொடங்கியதையும் எழுதி வைத்தார்.

அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போர் செய்த சுவிஸ் வீரர்களிடம் இந்த 'நோய்' அதிகம் என்று பிறகு வந்த மருத்துவர்கள் கருதினர். மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கியதால் காற்றழுத்தம் மாறியதே காரணம் என்றார் ஒருவர். சிறு வயது முதல் மாட்டு மணியோசை கேட்டு மூளை பாதிக்கப்பட்டுவிட்டது என்றும் சிலர் நம்பினர். இன்று யாரும் இதை நோய் என்று சொல்வதில்லை. ஏறக்குறைய எல்லா மனிதருக்கும் வரும் இயல்பான உணர்வு இது.

நினைவு காணொளி அல்ல

நினைவு என்றவுடன் நமக்குத் தோன்றுவது கைப்பேசியில் சேமித்த காணொளி. எப்போது திறந்தாலும் அதே காட்சி, அதே ஒலி. மூளை அப்படி வேலை செய்வதில்லை. ஒரு நிகழ்வின் காட்சி, ஒலி, மணம், உணர்ச்சி எல்லாம் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் பதிகின்றன. 'ஹிப்போகேம்பஸ்' என்ற சிறு பகுதி அவற்றை ஒன்றோடொன்று கோக்க உதவுகிறது. நாம் நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டுகள் மறுபடியும் சேர்க்கப்படுகின்றன. துண்டு காணாமல் போன இடத்தில், "இப்படித்தான் இருந்திருக்கும்" என்ற ஊகத்தை வைத்து மூளை இட்டு நிரப்பிவிடுகிறது.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதைக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைக் கேம்பிரிட்ஜில் சிலருக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு வெவ்வேறு காலங்களில் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதை சுருங்கியது. அவர்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகள் மறைந்தன அல்லது மாறின. பழங்குடியினரின் 'கனூ' சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. யாரும் வேண்டுமென்றே மாற்றவில்லை. தமக்குத் தெரிந்த உலகத்துக்கு ஏற்றபடி அவர்களின் மனம் கதையைத் திருத்திக்கொண்டது.

கேட்கும் கேள்விகூட நினைவை மாற்றும். 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். 50 பேரிடம், "கார்கள் மோதியபோது எவ்வளவு வேகத்தில் சென்றன?" என்று கேட்டார்கள். இன்னும் 50 பேரிடம், 'மோதியபோது' என்பதற்குப் பதிலாக 'மோதி நொறுங்கியபோது' என்ற பொருளில் கேட்டார்கள். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லாரிடமும், "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்தவர்களில் 16 பேர் ஆம் என்றனர். 'மோதிய' என்று கேட்டவர்களில் 7 பேர், எதுவும் கேட்காதவர்களில் 6 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை!

இன்னொன்றும் உண்டு. ஒரு நினைவை வெளியே எடுக்கும்போது அது சிறிது நேரம் நெகிழ்ந்த நிலைக்கு வந்து, பிறகு மறுபடியும் இறுகிப் பதிய வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு இதைச் சுட்டிக்காட்டியது. களிமண் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பானையை மீண்டும் ஈரமாக்கினால் அதன் வடிவம் சற்று மாறலாம் அல்லவா? ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லப்படும் கதை எத்தனை முறை ஈரமாகிக் காய்ந்திருக்கும்!

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!"

இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே, தவறாக இருக்குமா என்று நமக்குத் தோன்றும். இதைச் சோதிக்க உளவியலாளர் உல்ரிக் நைசருக்கு 1986இல் ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

அந்த ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் 'சேலஞ்சர்' விண்வெளி ஓடம் புறப்பட்ட சற்று நேரத்தில் வெடித்துச் சிதறி, அதிலிருந்த 7 பேரும் மாண்டனர். மறுநாள் காலை, அந்தச் செய்தியை எங்கே, யாரோடு இருந்தபோது கேட்டீர்கள் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்களிடம் நைசர் எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரைத் தேடிப்பிடித்து அதே கேள்விகளைக் கேட்டனர். 11 பேரின் பதில்கள் முதலில் எழுதியதோடு முக்கியமான எதிலும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பலரும் தங்கள் நினைவு சரி என்று உறுதியாக நம்பினார்கள். அவர்களுடைய கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள். அப்போதும் அந்தப் பழைய நினைவு திரும்பவில்லை.

ஒரு நினைவு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது வேறு, அது எவ்வளவு சரி என்பது வேறு. இது தாத்தா பாட்டிகளுக்கு மட்டும் பொருந்துவதன்று. அந்த 44 பேரும் கல்லூரி மாணவர்கள்.

கசப்பு முதலில் கரைகிறது

சரி, நினைவு மாறுகிறது. ஆனால் ஏன் பெரும்பாலும் இனிப்பை நோக்கி மாறுகிறது?

ஒரு நிகழ்வோடு ஒட்டியிருக்கும் உணர்ச்சி நாளாக ஆகக் குறையும். ஆனால் எல்லா உணர்ச்சியும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. நாட்குறிப்பு எழுதுவோரை வைத்து நடத்திய பல ஆய்வுகளில், கெட்ட உணர்ச்சிகள் நல்லவற்றைவிட விரைவாக மங்குவது தெரிந்தது. தேர்வில் தோற்ற அன்று அழுதோம் என்பது நினைவிருக்கும். அந்த அழுகையின் கனம் இன்று இருக்காது. வென்ற நாளை நினைத்தால் இன்றும் கொஞ்சம் மகிழ்ச்சி வரும். மனச்சோர்வில் இருப்பவர்களிடம் இந்த வேறுபாடு குறைவு. அதனால் கசப்பு கரைவது மறதியின் குறையன்று, மனநலத்தின் ஓர் அடையாளம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவில் மூன்று வார மிதிவண்டிப் பயணம் சென்றவர்களிடம் பயணத்துக்கு முன்னும், நடுவிலும், பின்னும் கருத்துக் கேட்டார்கள். பயணத்தின் நடுவில் இருந்த மகிழ்ச்சியைவிட, பின்னால் நினைத்துப் பார்த்தபோது சொன்ன மகிழ்ச்சி அதிகம். உங்கள் பள்ளி முகாமை நினைத்துப் பாருங்கள். கூடாரத்தில் மழைநீர் புகுந்த இரவை அன்று சபித்திருப்பீர்கள். இன்று நண்பர்களோடு சேர்ந்தால் முதலில் சொல்லிச் சிரிப்பது அந்த இரவைத்தான்.

நீங்கள் இப்போது அந்த மேட்டில் நிற்கிறீர்கள்

வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதையெல்லாம் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த வயதில் நடந்தது என்று வரைபடம் போட்டால் ஓர் ஆச்சரியம் தெரியும். அண்மைக் கால நினைவுகள் நிறைய இருக்கும். அதை விட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான காலம் வரைபடத்தில் ஒரு மேடுபோல் எழுந்து நிற்கும். இதை 'நினைவு மேடு' என்று சொல்லலாம்.

ஏன் இந்த வயது? முதல் நண்பன், முதல் சம்பளம், முதல் காதல், முதல் முறையாகத் தனியாகப் பேருந்தில் போனது என 'முதல்'கள் பெரும்பாலும் இந்த வயதில்தான் நடக்கின்றன. 'நான் யார்' என்ற எண்ணம் உருவாவதும் இப்போதுதான். இதற்கு ஒரு சான்று, அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானிய மொழி பேசும் முதியவர்களிடம் 1998இல் செய்த ஆய்வு. முப்பது வயதைத் தாண்டிக் குடியேறியவர்களுக்கு அந்த மேடு குடியேறிய வயதை நோக்கி நகர்ந்திருந்தது. வாழ்க்கை புரளும் காலமே ஆழமாகப் பதிகிறது.

அம்மா தோட்டத்தை விட்டு வந்தது 24 வயதில். அவருடைய நினைவு மேட்டின் பெரும்பகுதி அந்த லயத்து வீட்டில்தான் இருக்கிறது. அவர் ஏங்குவது தோட்டத்துக்காக மட்டுமல்ல, தம் பதினைந்து வயதுக்காகவும்தான்.

மாமாவின் கதை வேறு. வீட்டுக்கு மூத்த பிள்ளை. 14 வயதிலேயே உளியும் வாளியுமாக மரம் வெட்டப் போனவர். கடைக் கடன் கணக்கு அவர் காதில் விழுந்தது, தங்கையின் காதில் விழவில்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் வாழ்ந்தது ஒரே வாழ்க்கை அல்ல.

ஏக்கம் எதற்கு உதவுகிறது?

பழையதையே நினைத்துக்கொண்டிருப்பது வீண் வேலை என்று நினைக்கலாம். இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ், டிம் வில்ட்ஷட் ஆகியோர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, நினைவேக்கம் பெரும்பாலும் மனம் வாடியிருக்கும்போதும் தனிமையாக உணரும்போதும் எழுகிறது. அப்படி எழும் நினைவுகளில் நாம் தனியாக இருப்பதில்லை. நமக்கு நெருக்கமானவர்கள் சூழ இருக்கிறார்கள். அதை நினைத்துப் பார்த்த பிறகு, தம்மீது அன்பு கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு கூடுகிறது.

சீனாவின் குவாங்சௌ நகரில் சௌ சின்யுவே என்ற ஆய்வாளர் இவர்களோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. 20, 24, 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள மூன்று அறைகளில் மாணவர்களை உட்காரவைத்தபோது, குளிரான அறையில் இருந்தவர்களுக்கே நினைவேக்கம் அதிகம் எழுந்தது. இனிய பழைய நினைவு ஒன்றில் மூழ்கியவர்கள், பனிக்கட்டி போட்ட நீரில் கையை அதிக நேரம் வைத்திருக்கவும் முடிந்தது.

அப்பா இறந்த பிறகு அம்மா அக்காவோடு பதினோராம் மாடியில் வசிக்கிறார். பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள். அந்த மாடியில் எல்லா வீட்டுக் கதவுகளும் பூட்டியிருக்கும். அவர் ஏன் பூட்டாத கதவைப் பற்றியே பேசுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த ஏக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழைய கால வீடு, விறகடுப்பு, மழை என்று பெருநாள் விளம்பரங்கள் காட்டுவது நம் மனம் இளகுவதற்குத்தான். "அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது" என்று மேடையில் யாராவது பேசினால், யாருக்குச் சரியாக இருந்தது என்று கேட்கத் தெரிய வேண்டும். மாமா கேட்டதும் அதைத்தானே.

அப்படியானால் எதை எழுதுவது?

இரண்டையும் எழுது, ஆனால் இன்னும் சரியாகக் கேட்டுவிட்டு எழுது என்று அவனிடம் சொன்னேன். எப்படிக் கேட்பது என்று இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டோம். வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி காண நினைப்போர் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொல்வது இன்னொருவரின் நினைவில் கலந்துவிடும்.

2. பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். "அப்போது எல்லாரும் ஒற்றுமையாக இருந்தீர்களா?" என்பதைவிட, "பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்? அவர்களோடு எப்போது பேசுவீர்கள்?" என்று கேட்பது நல்லது.

3. 'எப்படி இருந்தது' என்று கேட்காமல் ஒரு நாளைக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் என்ன செய்தீர்கள்? எதைச் சாப்பிட்டீர்கள்?

4. பொருளைக் கையில் கொடுங்கள். பழைய படம், சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், பால் மங்கு எதுவாகவும் இருக்கலாம். மணமும் உதவும். மணத்தைப் பற்றிய செய்தி, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை மிக நேரடியாகச் சென்றடைகிறது. ஒட்டுப்பாலின் புளித்த வாடை ஒன்று போதும், பலருக்கு ஒரு தோட்டமே கண்முன் வந்துவிடும்.

5. சொன்னதை எழுத்தோடும் படத்தோடும் ஒப்பிடுங்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்காக அல்ல, இன்னும் கேட்பதற்காக.

அடுத்த வாரம் அவன் பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடி எடுத்தான். 1969 என்று பின்னால் எழுதியிருந்தது. லயத்து வீட்டு வாசலில் அம்மா இரட்டைச் சடையோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் கதவு. கதவில் ஒரு பூட்டு தொங்குகிறது.

"பாட்டி, இது என்ன?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்பா சைக்கிள் வாங்குனாரே! தவணைக்கு எடுத்தது. ராத்திரியில அத உள்ள தூக்கி வச்சுத்தான் படுப்போம். பகல்ல பூட்டிட்டுப் போவோம்" என்றார்.

அவன் மாமாவை அழைத்துத் தனியாகக் கேட்டான். படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. தாத்தாவிடம் என்னென்ன பொருள்கள் இருந்தன என்று மட்டும் கேட்டான். மாமா யோசித்து, ஒரு சைக்கிள் இருந்தது என்றார். அதன் தவணையைக் கட்டுவதற்காகத்தான் தாம் முதல் சில மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்ததாகவும் சொன்னார். அது அம்மாவுக்கு இத்தனை காலமும் தெரியாது.

வீட்டைப் பூட்டியதே இல்லை என்ற அம்மாவின் நினைவும், பூட்டி வைக்க எதுவுமே இல்லை என்ற மாமாவின் நினைவும் அந்த ஒரு படத்தின் முன் நிற்கவில்லை. ஆனால் இருவரும் பொய் சொல்லவும் இல்லை. அம்மா நினைவில் வைத்திருந்தது அக்கம்பக்கத்தாரின் அன்பை. மாமா நினைவில் வைத்திருந்தது வறுமையை. இரண்டும் அங்கே இருந்தன. நடுவில் ஒரு சைக்கிளும் இருந்தது.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களையும் இடித்துவிட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுகள்தான் மிச்சம். அவர்களும் நம்மோடு எப்போதும் இருக்கப் போவதில்லை. இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இன்று நடந்ததைப் பத்து வரிகளில் எழுதுங்கள். யாரோடு சாப்பிட்டீர்கள், எதற்குச் சிரித்தீர்கள், எது எரிச்சலூட்டியது என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். தேதியைப் போட்டு உறையில் வைத்து ஒட்டிவிடுங்கள். எஸ்பிஎம் தேர்வு முடிந்த பிறகு, முதலில் நினைவிலிருந்து அதே நாளை எழுதிப் பாருங்கள். பிறகு உறையைப் பிரித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எது கரைந்திருக்கிறது, எது இனித்திருக்கிறது, எது புதிதாகச் சேர்ந்திருக்கிறது?

நினைவு மேட்டில் நிற்கும் நீங்கள் எழுதும் இந்தப் பத்து வரிகள், ஐம்பது ஆண்டுகள் கழித்து உங்கள் பேரப்பிள்ளை தேடி எடுக்கும் படமாக இருக்கலாம்.